மேலே விரியாத குடைகள்

வானிலை வேலைக்குப் புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளிடம் பேசச் சொல்லிப் போன மாதம் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். ஓய்வு பெற்றவர்களைக் கூப்பிட்டால் ஒரு சால்வையைப் போர்த்தி, காபி கொடுத்து, சீக்கிரமாக அனுப்பிவிடுவார்கள் என்று நினைத்துத்தான் போனேன். முன் வரிசையில் ஒரு பையன் எழுந்து நின்றான். "பலூன் மேல போய் வெடிக்குது. கருவிப் பெட்டி கீழ விழுது. விழுந்தா பாராசூட் தானா விரியுது. இதுக்குன்னு தனியா ஒரு செக்ஷன் வெச்சுக்கிட்டு நீங்கல்லாம் என்ன மேடம் செஞ்சீங்க?" என்று கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

ஆனால் அந்தத் 'தானா' என்ற சொல் வீடு வரைக்கும் என்னைப் பிடுங்கிக்கொண்டே வந்தது. இப்போது பாராசூட்டுகள் தொழிற்சாலையிலிருந்து தயாராக வருகின்றன. பிரித்து மாட்டினால் போதும். எங்கள் காலத்தில் ஒவ்வொன்றையும் நாங்களே வெட்டி, தைத்து, கட்டி மேலே அனுப்பினோம். அதில் பட்ட பாட்டில் பாதியை அந்தப் பிள்ளைகளிடம் சொன்னேன். மீதியைச் சொல்லவில்லை. அதில் சம்பந்தப்பட்டவர்களில் என்னைத் தவிர யாரும் இன்று உயிரோடு இல்லை என்பதால் இப்போது எழுதலாம் என்று தோன்றுகிறது.

என் அப்பா சாந்தோம் பங்குப் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். யுத்தத்தில் ஆண்கள் பட்டாளத்துக்குப் போக, பெண்களுக்கும் ஆபீஸ் கதவு கொஞ்சம் திறந்தது. டைப்பிங் தெரியும் என்று வானிலை ஆபீசுக்கு எழுதிப் போட்டேன். வேலை கிடைத்தது. டைப்ரைட்டரை மட்டும் கண்ணில் காட்டவில்லை. கோபாலபுரத்தில் ஒரு பழைய பங்களாவை வாடகைக்கு எடுத்து, மாமரக் கிளைகளை எல்லாம் வெட்டி, அங்கிருந்து பலூன் விட்டுக்கொண்டிருந்தார்கள். "உனக்கு மெல்லிய கை" என்று சொல்லி அங்கே அனுப்பிவிட்டார்கள். பயிற்சி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சில மாதம் ரப்பர் பலூனுக்குப் பவுடர் பூசினேன், சில மாதம் ஓட்டை அடைத்தேன். அதற்குப் பிறகு குடைப் பகுதிக்கு வந்து சேர்ந்தேன். பாராசூட்டை நாங்கள் 'குடை' என்றுதான் சொல்வோம்.

குடைப் பகுதி என்றால் மூன்றே பேர். அதிகாரி வரதன் சார், தையற்காரர் காதர் பாய், நான். வரதன் சார் மயிலாப்பூர்க்காரர். எப்போதும் ஜலதோஷம், கழுத்தில் எப்போதும் ஒரு மப்ளர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. பட்டுத் துணியைத் தொடுவதற்கு முன்னால் சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும் என்பது அவருடைய சட்டம். தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு வந்தால் வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவார். "மிஸ் ரெஜினா, உங்க தலை எண்ணெய் பத்து மைல் மேல போய் என் குடையை ஒட்டிடும்" என்பார். அப்போது எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது.

பலூன் விடும் நேரத்தில் அவருக்கு இன்னொரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு பொருளின் பெயரையும் சொல்லிக் கேட்பார். "குடை?" என்றால் "சரி சார்" என்று பதில் சொல்லக் கூடாது. "தொட்டேன்" என்று சொல்ல வேண்டும். துணியில் ஆரம்பித்துக் கயிறு, முடிச்சு என்று ஒவ்வொன்றையும் அந்த நிமிஷத்தில் விரலால் தொட்டிருக்க வேண்டும். ஒரு தடவை வாய் தவறி "சரி சார்" என்றேன். பலூனை இறக்கச் சொல்லிவிட்டார். கோபமே இல்லாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "சரியா இல்லையான்னு பகவான் சொல்லட்டும். நீங்க தொட்டேளா இல்லையா, அதை மட்டும் சொல்லுங்கோ" என்றார்.

படிக்கிறவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன். உச்சியில் பலூன். அதன் கீழே நீளமான கயிறு. கயிற்றின் நுனியில், மடக்கிய குடையைப் போலத் தொங்கும் பட்டுத் துணி. அதன் கீழே இரண்டு தேங்காய் கனமுள்ள கருவிப் பெட்டி. அது மேலே போகப் போகச் சூட்டையும் ஈரத்தையும் காற்றழுத்தத்தையும் ரேடியோவில் சொல்லிக்கொண்டே போகும். உயரத்தில் பலூன் ஊதிப் பெருத்து வெடிக்கும். பெட்டி விழ ஆரம்பித்ததும் குடை விரிய வேண்டும்.

இங்கே மாடியிலிருந்து போட்டால் எந்தக் குடையும் விரியும். மேலேதான் வம்பு. வரதன் சார் அதை எனக்குப் புரியவைத்தது ஒரு தொட்டித் தண்ணீரில். கைக்குட்டையின் நான்கு மூலையையும் நூலில் கட்டித் தண்ணீருக்குள் இழுத்தார், உடனே உப்பிக்கொண்டது. வெளியே எடுத்துப் பிழிந்து காற்றில் இழுத்தார், துவண்டு கிடந்தது. "தண்ணீருக்கும் நம்ம காத்துக்கும் என்ன வித்தியாசமோ அதே மாதிரிதான் நம்ம காத்துக்கும் மேல இருக்கிற காத்துக்கும். இங்க ஒரு குடம் காத்து இருக்கிற இடத்துல அங்க ஆழாக்குகூடத் தேறாது. துணியைத் தள்ளித் திறக்க அங்க ஆள் இல்லை" என்றார். தள்ள ஆள் இல்லாத இடத்தில் பெட்டி கண்மண் தெரியாத வேகத்தில் விழும், சுழலும், கயிறுகள் முறுக்கிக்கொள்ளும். ஒரு தடவை முறுக்கிவிட்டால் கீழே கெட்டிக் காற்றுக்கு வந்தாலும் பிழிந்த துண்டு மாதிரி அப்படியே வந்து விழும்.

அதனால் குடையின் வாயைக் கொஞ்சமாவது திறந்து வைக்க மெல்லிய பிரம்பு வளையம் ஒன்றைக் கோத்தோம். பிறகு வெடித்த பலூனின் ரப்பர் குடையின் தலையில் ஈரச் சாக்கு போல வந்து உட்கார்ந்தது. பலூனுக்கும் குடைக்கும் நடுவில் இருந்த கயிற்றை இரண்டு தென்னை உயரத்துக்கு நீட்டினோம், அதுவும் தீர்ந்தது. இந்த இரண்டையும்தான் அந்தப் பிள்ளைகளிடம் சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

காதர் பாயைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராயப்பேட்டைக்காரர், ஒல்லி, வெற்றிலை வாய். யுத்தம் முடிந்து கழித்துப்போட்ட பெரிய பாராசூட்டுகளை வாங்கி, அதை வெட்டி எங்கள் சின்னக் குடைகளைத் தைப்பார். தையலில் அவருக்கு இருந்த கர்வம் கொஞ்சநஞ்சமில்லை. தைத்த துணியை என் கையில் ஒரு பக்கம் கொடுத்து, மறுபக்கம் தான் பிடித்து, "இழு தங்கச்சி, இழு. துணி கிழியும், என் தையல் பிரியாது" என்பார். நான் இழுத்து இழுத்து என் ஜாக்கெட் தையல்தான் பிரிந்தது. அதையும் அவரே தைத்துக் கொடுத்தார்.

விழுந்த பெட்டிகள் திரும்பி வர வேண்டும் என்று ஒவ்வொன்றிலும் எங்கள் விலாசச் சீட்டைக் கட்டியிருப்போம். ஆடி, ஆவணி மாதங்களில் தரைக்குப் பக்கத்தில் மேற்குக் காற்று, உயரத்தில் கிழக்குக் காற்று. பலூன் கடலுக்குப் போகிற மாதிரி போய், மேலே ஏறியதும் மனசு மாறித் திரும்பி வரும். அதனால் அந்தப் பருவத்தில் எங்கள் பெட்டிகளில் பெரும்பாலானவை மெரினாவை ஒட்டியே விழும். நொச்சிக்குப்பத்துக்காரர்கள் எடுத்து வைப்பார்கள். அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது எல்லம்மா. கூடை மீனைத் தலையில் சுமந்து கோபாலபுரம் தெருக்களில் விற்க வருகிறவள். மீனுக்கு மேலே வாழை இலை, இலைக்கு மேலே எங்கள் பெட்டி, அதற்கு மேலே மடித்த குடை. அவள் கேட்டுக்குள் நுழைந்தால் வரதன் சார் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து எதிர்ப் பக்கமாகப் போய் நின்றுகொள்வார். வானிலைப் படிப்பு அவருக்கு அந்த விதத்திலும் உதவியது.

"இன்னாம்மா, உங்க கொடை வந்துகீது, எடுத்துக்கோ. வஞ்சிரம் கீது, பாக்கிறியா?" என்பாள். வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டில் மீன் கட்டாயம் என்பதால் எனக்கும் அவளுக்கும் நல்ல சிநேகிதம். அவள் கொண்டுவரும் குடைகள் சுத்தமாக, மொடமொடவென்று இருக்கும். கடல் உப்பினால் வந்த மொடமொடப்பு என்று நாங்களாகவே முடிவு கட்டிக்கொண்டோம். மாடியிலிருந்து போட்டுப் பார்த்தால் புதுக் குடையைவிட வேகமாகப் 'பட்'டென்று விரிந்தன. துணி தட்டுப்பாட்டுக் காலம். திரும்பி வந்த குடைகளைச் சந்தோஷமாக மறுபடியும் கட்டி அனுப்பினோம்.

யுத்தம் முடிந்த மறு வருஷம் ஆடியில் ஒரு குடை விரியவில்லை. பெட்டி அடையாற்றுச் சேற்றில் செருகிக் கிடந்தது. பிறகு இன்னொன்று கடலில் கல் மாதிரி விழுந்ததைப் பார்த்ததாகக் கட்டுமரக்காரர்கள் சொன்னார்கள். வரதன் சார் தூக்கம் கெட்டு அலைந்தார். குறைந்த உயரத்தில் வெடித்த பலூன்களின் குடைகள் விரிந்தன. நல்ல உயரத்துக்குப் போனவற்றில்தான் கோளாறு. அதிலும் புதுக் குடைகள் விரிந்தன, திரும்பி வந்த குடைகள்தான் விரியவில்லை. "பழசானா தையல் தளர்ந்து கோணிக்கிறதோ?" என்று அவர் கேட்டதும் காதர் பாய் முகம் சிவந்துவிட்டது.

மூன்றாவது தடவை தொலைநோக்கி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்தான்... இல்லை, வரதன் சாரும் நானும் மாறி மாறிப் பார்த்தோம். மேகத்தின் இடைவெளியில் பெட்டி தெரிந்தபோது வரதன் சார் கண்ணை ஒட்டி வைத்திருந்தார். "நேரா கீழ வரது. விரியலை. ஐயோ, விரியலையே" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அன்று நொச்சிக்குப்பத்து மணலில் உட்கார்ந்து வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவனுடைய வலது தோளில் அது விழுந்தது. அவன் பெயர் கன்னியப்பன். எல்லம்மாவின் புருஷன்.

தோள் எலும்பு நொறுங்கிவிட்டது. உயிர் பிழைத்ததே பெரிது என்றார்கள் ஆஸ்பத்திரியில். வரதன் சார் தினமும் காலையில் போய் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் நிற்பார். பிறகு வீட்டுக்குப் போய்க் குளித்துவிட்டு ஆபீஸ் வருவார். கண் சிவந்திருக்கும். ஜலதோஷம் என்பார்.

எங்களுக்கு மேலே ஒரு வெள்ளைக்கார துரை இருந்தார். கெட்ட மனுஷர் என்று சொல்ல மாட்டேன். ஒரு ஆள் அடிபட்டிருக்கிறான், காரணம் வேண்டும் என்று கேட்டார். காரணம் தெரியும் வரை பலூன் கிடையாது என்றார். திரும்பி வந்த குடைகள் மட்டும்தான் விரியவில்லை என்று வரதன் சார் சொன்னதும், "அவற்றைப் பழுது பார்க்கிறவன் யார்?" என்றார். காதர் பாய்தான். மாதம் முடிவதற்குள் வேறு காரணம் அகப்படாவிட்டால் அவரை நீக்கிவிட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

காதர் பாய் அழவில்லை, கெஞ்சவும் இல்லை. அலமாரியில் இருந்த குடைகளை எல்லாம் தரையில் விரித்து ஒவ்வொரு தையலாக விரலை ஓட்டிக் காட்டினார். "சார், நூல் வுட்டிருந்தா கிழிஞ்சிருக்கணும். எங்க கிழிஞ்சிருக்கு, காட்டுங்க. ஒரு இடம் காட்டுங்க, நானே என் கத்திரிய வெச்சிட்டுப் போறேன். என் தையல் பிரியல. அல்லா அறிய பிரியல." வேலை போனால் வேறு தையற்கடை அவருக்குக் கிடைத்துவிடும். ஒரு மனுஷன் தோளை உடைத்த தையற்காரன் என்ற பேரோடு போக வேண்டுமே என்பதுதான் அவரை அரித்தது. மத்தியானச் சாப்பாட்டையே விட்டுவிட்டார். வெற்றிலைகூடப் போடவில்லை.

கன்னியப்பன் மேல் விழுந்த பெட்டியை அன்றே போய் எடுத்து வந்துவிட்டோம். குடை மட்டும் அகப்படவில்லை. காயத்தில் அதைத்தான் சுற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள் என்று தெரிந்தது. அந்தக் கலவரத்தில் அதை யார் கேட்பது?

சில நாள் கழித்து எல்லம்மா கேட்டுக்குள் வந்தாள். தலையில் கூடை இல்லை. கையில் ஒரு மடித்த துணி.

"கொடை எங்கிட்டயே இருந்துச்சும்மா. ரத்தம் பட்டுடுச்சு. அத்த தொவச்சு எட்தாந்தேன்" என்றாள்.

புருஷனை அப்படிக் கிடத்திவிட்டு, அவனை அடித்த துணியைத் துவைத்து மடித்துக் கொண்டுவந்து நிற்கிறாள். கையை நீட்டி வாங்கினேன். மொடமொடவென்று இருந்தது. இது கடலில் விழுந்த குடை இல்லையே, மணலில் அல்லவா விழுந்தது என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோனேன். சோறு வடித்த வாசனை.

"எல்லம்மா, கஞ்சி போட்டியா?"

"போடாம? இரவல் வாங்கின பொடவைய அப்டியேவா குடுப்பாங்க? தொவச்சு, கஞ்சி போட்டு, மடிச்சுக் குடுத்தாத்தான மருவாதி. நம்ம வூட்டுக்கு வந்த துணி, அது சர்க்கார் துணியா இருந்தா இன்னா?"

"எல்லாக் குடைக்குமே போடுவியா?"

"எல்லாத்துக்குந்தான். பட்டுத் துணின்னிட்டு கொஞ்சம் தண்ணியா கரைச்சுப் போடுவேன்" என்றாள், கைத்தொழிலைச் சொல்லும் பெருமையோடு. பிறகு, "ஆஸ்பத்திரிக்கு நேரமாவுது, வர்ட்டா" என்று போய்விட்டாள்.

நான் அந்தத் துணியை வரதன் சாரிடம் எடுத்துக்கொண்டு ஓடினேன். அவர் நான் சொன்னதைக் கேட்டார், துணியைக் கன்னத்தில் வைத்துப் பார்த்தார், பிறகு முதலுதவிப் பெட்டியைக் கொண்டுவரச் சொன்னார். காயத்துக்குப் போடுகிற அயோடின் டிஞ்சரை ஒரு சொட்டு துணியின் ஓரத்தில் விட்டார். சட்டென்று கருநீலமாகிவிட்டது. கஞ்சி இருந்தால் அயோடின் அப்படித்தான் நிறம் மாறும். அலமாரியில் இருந்த திரும்பி வந்த குடைகள் எல்லாவற்றிலும் சொட்டு விட்டோம், எல்லாமே கருநீலம். புதுக் குடைகளில் வெறும் பழுப்புக் கறைதான். காதர் பாய் எங்கள் தலைக்கு மேலே குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்புறம் வரதன் சார் கருவிகளைக் குளிரில் சோதிக்கிற பெட்டியில் ஐஸும் உப்பும் நிரப்பச் சொன்னார். கஞ்சிக் குடை ஒன்றைத் தொங்கவிடுவது போல மடக்கி, மேகத்துக்குள் போனால் நனைகிற அளவுக்கு ஈரக் கையால் தடவி உள்ளே வைத்தார். வெளியே எடுத்தபோது மடிப்போடு மடிப்பு ஒட்டி அப்பளம் மாதிரி விறைத்திருந்தது. கையால் பிரித்தால் பிரிந்துவிடும். கீழே இருக்கிற காற்றும் பிரித்துவிடும். மேலே பிரிக்க ஆள் இல்லை. கயிறு முறுக்கிக்கொள்கிற வரைக்கும் ஒட்டிக்கொண்டிருந்தால் போதும், காரியம் கெட்டுவிடும்.

"பாய், உங்க தையல் பிரியலை" என்றார் வரதன் சார். காதர் பாய் வாசல் பக்கம் போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார்.

துரையிடம் சொல்லப் போனபோது சோதித்துக் காட்டுவதற்காக என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கருநீலத்தைப் பார்த்ததும் துரைக்கு விஷயம் விளங்கிவிட்டது. கஞ்சி போட்டது யார் என்று கேட்டார். "துணி என் பகுதிக்கு வந்து சேர்ந்த பிறகு அது என் துணி. என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கட்டி அனுப்பினது நான்தான். வேறு யார் பேரும் இதில் வேண்டாம்" என்று வரதன் சார் இங்கிலீஷில், தன் வழக்கமான தணிந்த குரலில் சொன்னார். துரை "சரி, இனிமேல் பாருங்கள்" என்று முடித்துக்கொண்டார்.

அன்றிலிருந்து திரும்பி வந்த குடைகளை எல்லாம் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் அலசி, நிழலில் உலர்த்தி, ஓரத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பார்த்த பிறகே கட்டினோம். முதல் பலூன் விட்ட அன்று "குடை?" என்று வரதன் சார் கேட்டார். "தொட்டேன்" என்றேன். நன்றாக மேலே போய்த்தான் வெடித்தது. வெகு நேரம் கழித்து, வெயிலில் ஒரு வெள்ளைப் பொட்டு அசைந்து அசைந்து இறங்குவதைத் தொலைநோக்கி வழியாக முதலில் பார்த்தது காதர் பாய். "விரிஞ்சிடுச்சு சார், விரிஞ்சிடுச்சு" என்று அவர் கத்தின கத்தலில் தெருவே வந்து எட்டிப் பார்த்தது. ஐப்பசிப் புயல் மாதத்துக்குள் வேலை பழையபடி ஓட ஆரம்பித்துவிட்டது.

ஒன்று மட்டும் பாக்கி இருந்தது. எல்லம்மாவிடம் இனிமேல் கஞ்சி போடாதே என்று சொல்ல வேண்டும். ஏன் என்று கேட்டால்? "உப்பைச் சோதிக்கணும், அதனால தொவைக்க வேண்டாம்னு சொல்லிடுங்கோ" என்று வரதன் சார் ஒரு காரணம் தயார் செய்து கொடுத்தார். கன்னியப்பன் வீடு திரும்பியதும் நானும் காதர் பாயும் போனோம். ஒரு தடவையாவது அவனைப் பார்க்காமல் தன்னால் இருக்க முடியாது என்று சொல்லி பாய் கூடவே வந்தார்.

குடிசை வாசலில் கன்னியப்பன் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். வலது கை துணித் தொட்டிலில் தொங்கியது. அந்தக் கை இனிமேல் வலை வீசாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். எல்லம்மா தட்டில் சோறு பிசைந்து அவனுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடது கையால் அவன் சோற்றைத் தொட மாட்டேன் என்கிறானாம். "கொயந்த மாரி ஊட்ட வேண்டிகீது" என்று சிரிக்கப் பார்த்தாள். எங்களைக் கண்டு அக்கம்பக்கத்துக் குடிசைகளிலிருந்து ஆண்கள் நாலைந்து பேர் வந்து நின்றுகொண்டார்கள்.

நான் ஆரம்பித்தேன். குடை கிடைத்தால் துவைக்காமல் அப்படியே கொண்டுவா என்றேன். உப்பு, சோதனை என்று என்னவோ சொன்னேன். பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் பொய்க்குப் பக்கத்தில் ஒரு உண்மையையும் வைத்துவிடுவார்கள். "முக்கியமா கஞ்சி போடாதே எல்லம்மா" என்று சேர்த்துவிட்டேன்.

அவள் கை தட்டிலேயே நின்றுவிட்டது.

"அன்னிக்கும் நீ கஞ்சியத்தான் கேட்ட" என்றாள். "கேட்டுட்டு மூஞ்சே மாறிப்பூட்ச்சு. கஞ்சி போட்டா இன்னா ஆவும்?"

நான் மறுபடியும் உப்பு, சோதனை என்று ஆரம்பித்தேன்.

"சொல்லும்மா. கஞ்சி போட்டா உங்க கொடை தொறக்காதா?" அவள் குரல் உடைந்தது. "அப்போ இவரு மேல வுயுந்தது... நான் தொவச்சுக் குடுத்ததா?"

அப்போது காதர் பாய் முன்னால் வந்தார்.

"இல்லம்மா. கஞ்சி போட்டா கரப்பான் வந்து துணிய அரிக்குது, அதுக்காக ஆபீஸ்ல வேணாங்கிறாங்க. அன்னிக்கு வுழுந்தது அதனால இல்ல. அது என் தையல். நாந்தான் தச்சேன். கயிறு தச்ச எடத்துல நூல் வுட்டுப் பிரிஞ்சிடுச்சு. அத சொல்லிட்டுப் போலாம்னுதான் வந்தேன்."

நான் அவரைத் திரும்பிப் பார்த்தேன். அவர் என் பக்கம் பார்க்கவே இல்லை.

எல்லம்மா தட்டைக் கீழே வைத்தாள். பிறகு அவள் வாயிலிருந்து வந்ததை எல்லாம் இங்கே எழுத முடியாது. "பாவி, உன் கை அழுவிப் போவ. ஒயுங்கா தைக்கத் தெர்யாதவன் எதுக்குய்யா தைக்கிற? எங்க சோத்துல மண்ணப் போட்டியே" என்று மண்ணை வாரி இறைத்தாள். நின்றுகொண்டிருந்தவர்களில் ஒருவன் பாய்ந்து வந்து பாயின் சட்டையைப் பிடித்துவிட்டான். பாய் கையைக்கூட உயர்த்தவில்லை.

"வுட்றா அவர" என்றான் கன்னியப்பன். காதர் பாயின் முகத்தையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். வாழ்நாள் முழுக்க வலை பின்னினவன். நூல் விட்டதா இல்லையா என்பது அவனுக்குத் தெரியாதா? அன்று நினைவு தப்புகிற வரைக்கும் அந்தத் துணி அவன் மடியில்தான் கிடந்தது.

"பாய் சொல்றது மெய்தான் எல்லம்மா" என்றான் நிதானமாக. "நானும் பாத்தேன். தையல்தான் பிரிஞ்சு கெடந்துச்சு. உன் கஞ்சி இல்ல. வுடு, தெர்யாம நடந்துட்ச்சு."

மணலில் திரும்பி நடந்தபோது எனக்கு அழுகை நிற்கவில்லை. "துரை காதுக்குப் போனா உங்க வேலை போயிடும் பாய். எத்தனை நாள் இதுக்காகச் சண்டை போட்டீங்க" என்றேன். "வரதன் சாருக்குத் தெரியும், உனக்குத் தெரியும், எனக்குப் போதும்" என்றார். சட்டைப் பொத்தான் ஒன்று அறுந்து போயிருந்தது. அதைத் தேடிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார்.

நல்லவேளை, துரையின் காதுக்கு எதுவும் போகவில்லை. அடுத்த வருஷம் அவரும் ஊருக்குக் கப்பலேறிவிட்டார். ஆனால் எல்லம்மா விடவில்லை. மீன் கூடையோடு கோபாலபுரம் வரும்போதெல்லாம் எங்கள் கேட்டில் நின்று காதர் பாயைப் பேர் சொல்லித் திட்டிவிட்டுத்தான் போவாள். என்னிடம் வழக்கம்போலச் சிரித்துப் பேசுவாள், மீனில் ஒன்று கூடப் போடுவாள். பாயைக் கண்டால் மட்டும் அவளுக்கு ஆகாது. பாய் தையல் மெஷினை நிறுத்திவிட்டு, தலையைக் குனிந்து, அவள் முடிக்கிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருப்பார்.

ஒரு நாள் அவள் வழக்கத்தைவிட மோசமாகப் பேசிவிட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னைக்கு நான் சொல்லிடப்போறேன் பாய். ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் கேட்டுக்கிட்டு இருப்பான்?" என்று கேட்டை நோக்கி எழுந்தேன்.

"ஒக்காரு தங்கச்சி" என்றார், நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே. "மணி இன்னா ஆவுது பாரு. இப்ப வூட்டுக்குப் போயி கஞ்சி போட்ட அந்தக் கையாலதான் அவனுக்குச் சோறு ஊட்டணும் அவ."